அடைத்து வைத்த பின்வாசல்

மூங்கிலோடைக் காட்டில் ஒரு மண்மேடு இருந்தது. மேடு முழுக்க வளைகள். அவற்றைத் தோண்டியவன் குடைவான் என்ற பெருச்சாளி. அவனுக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவன் செவலை என்ற கீரி. இன்னொருவர் ஊசியார் என்ற முள்ளம்பன்றி.

மூன்று பேருக்கும் தோண்டுவதில் ஒரு பைத்தியம். தங்களுக்கு வளை தோண்டி முடித்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. அதனால் அடுத்தவர்களுக்கும் தோண்டினார்கள். தோண்டிய வளைகளை யார் வந்து கேட்டாலும் இலவசமாகக் கொடுத்தார்கள்.

கொடுக்கும்போது குடைவான் ஒரு வார்த்தை சொல்வான்.

"பிடிச்சா அப்படியே இருங்க! பிடிக்கலைன்னா இஷ்டப்படி மாத்திக்கோங்க! ஏன்னு ஒருத்தரும் கேட்க மாட்டோம்!"

அப்படியே நடந்தது. வாசலை அகலமாக்கினாலும் சரி, உள்ளே இன்னொரு அறை வெட்டினாலும் சரி, மொத்தத்தையும் இடித்துவிட்டு வேறு மாதிரி கட்டினாலும் சரி, மேட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இதில் மூவருக்கும் ஏகப்பட்ட பெருமை. பெருமைப்பட வேண்டிய காரியம்தான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

வம்பு வேறு இடத்தில் ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைக்கும் மேட்டின் அடிவாரத்தில் ஒரு முன்வாசல், மேட்டின் உச்சியில் ஒரு பின்வாசல். புது வளை தோண்டி வைக்கும்போது பின்வாசலைத் திறந்து வைப்பதா, மண்ணால் அடைத்து வைப்பதா? இதுதான் கேள்வி. கேட்க எவ்வளவு சின்னக் கேள்வி! ஆனால் அதைப் பேசி முடிக்க அவர்களுக்கு ஒரு கோடைக்காலம் போதவில்லை.

மேட்டின் நடுவில் இருந்த பாறைமேல் கூட்டம் கூடினார்கள்.

"அடைச்சுத்தான் வைக்கணும்!" என்றான் குடைவான். "திறந்து போட்டா சருகும் குப்பையும் உள்ள விழும். குளிர்காத்து வீசும். வேணும்ங்கிறவன் திறந்துக்கட்டும். ஒரே ஒரு உதை! திறந்துடும்!"

"திறந்துதான் இருக்கணும்!" என்றான் செவலை. "காத்து வராத பொந்துல எவன் படுப்பான்?"

காற்றின்மேல் அவனுக்கு அவ்வளவு ஆசை இல்லை. பின்வாசல் திறந்திருந்தால் எப்போதாவது ஒரு பாம்பு தானாகவே உள்ளே வரும். கீரிக்கு அது வீட்டுக்கே வந்த விருந்து. இதை அவன் கூட்டத்தில் சொல்லவில்லை.

ஊசியார் தொண்டையைச் செருமினார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. எங்க தாத்தா காலத்துல பின்வாசலே கிடையாது. அப்புறம் எங்க அப்பா காலத்துல..."

"ஐயோ மாமா! அப்பா காலத்துக்கு அப்புறமா வரலாம்! திறக்கிறதா, அடைக்கிறதா, அதைச் சொல்லுங்க!" என்றான் செவலை.

"பாதி அடைக்கலாம்" என்றார் ஊசியார்.

அவ்வளவுதான். பாதி என்றால் மேல்பாதியா, கீழ்பாதியா என்று அடுத்த சண்டை கிளம்பியது. அது முடிவதற்குள் அடைக்கும் மண் செம்மண்ணா, கரிசல் மண்ணா என்று இன்னொன்று. அதிலிருந்து, இந்த மேட்டில் முதல் வளையைத் தோண்டியது யார் என்ற பழைய தகராறு. கணினிகளை இயக்கும் லினக்ஸ் என்ற மென்பொருளைத் தொகுத்து இலவசமாகக் கொடுக்கிற குழுக்களின் விவாதங்களைப் படித்தவர்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். மற்றவர்கள் தங்கள் குடியிருப்புச் சங்கத்தின் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டின்மேல் கட்டாந்தரையில் ஓர் ஆட்காட்டிக் குருவி முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வாழ்ந்து வந்தாள். புதிதாக யார் வந்தாலும் முதலில் பார்ப்பது அவள்தான். கத்தி ஊரைக் கூட்டுவதும் அவள்தான். மெதுவாகப் பேசுவது என்ன என்றே அவளுக்குத் தெரியாது.

அவள் கூட்டத்துக்கு நடுவில் வந்து இறங்கினாள்.

"ஏன் இப்படி மண்டையை உடைச்சுக்கிறீங்க? புதுசா வர்றவங்களை ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தா என்ன?"

குடைவானுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவங்களுக்கு என்ன தெரியும்? இல்லை, உனக்குத்தான் என்ன தெரியும்? வெட்டவெளியில முட்டை போடுறவ நீ! வளையைப் பத்திப் பேச வந்துட்டே!"

"சரிப்பா! நான் வாயே திறக்கலை!" என்று கத்திக்கொண்டே ஆட்காட்டி பறந்துபோனாள். போகிற வழியெல்லாம் அவள் வாய் மூடவில்லை என்பது வேறு விஷயம்.

கடைசியில் யார் ஜெயித்தது தெரியுமா? குடைவான். அவன் சொன்னது சரி என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பாறைக்கு நேர் கீழேதான் அவனுடைய வளை. பசித்தால் இறங்கிப்போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவான். தூக்கம் வந்தால் ஒரு குட்டித்தூக்கம் போட்டுவிட்டு வருவான். மற்ற இருவராலும் அப்படி முடியவில்லை. ஒருநாள் உச்சிவெயிலில் செவலை இரை தேடிப் போயிருந்தான். ஊசியார் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டார். குடைவான் எழுந்து நின்றான்.

"அடைச்சு வைக்கிறதுன்னு முடிவு பண்ணலாமா? யாருக்காவது மறுப்பு இருக்கா?"

குறட்டைதான் பதில்.

"மறுப்பே இல்லை! முடிஞ்சது!"

பொழுது சாய்வதற்குள் காலியாக இருந்த வளைகளின் பின்வாசல்களை எல்லாம் ஈரமண் குழைத்து அடைத்துவிட்டான். அவன் கெட்டவன் இல்லை. நல்லது செய்கிறோம் என்று நம்பித்தான் செய்தான்.

செவலை திரும்பி வந்து பார்த்துக் குதித்தான். ஊசியாருக்கும் வருத்தம்தான். ஆனால் இன்னொரு கோடைக்காலம் உட்கார்ந்து பேச யாருக்கும் தெம்பு இல்லை. விட்டுவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தெற்கே புல்வெளியில் தீப்பிடித்தது.

அங்கே பூளை என்ற காட்டுமுயல் இருந்தாள். காட்டுமுயல்கள் வளையில் வாழ்வதில்லை. புல்லை அழுத்திப் படுத்தால் அதுதான் வீடு. ஆபத்து வந்தால் ஓட்டம். பூளையின் தலைக்குமேல் பிறந்ததிலிருந்து கூரையே இருந்ததில்லை. புல் எரிந்து போனதும் இரண்டு குட்டிகளை முன்னால் தள்ளிக்கொண்டு, கால் சுட, கண் எரிய, மூங்கிலோடை மேட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

"வந்திருக்காங்க! வந்திருக்காங்க! யாரோ வந்திருக்காங்க!" என்று ஆட்காட்டி கத்தினாள்.

குடைவான் ஓடி வந்தான். குட்டிகளைப் பார்த்ததும் அவனுக்கு மனசு இளகிவிட்டது.

"வாங்க அக்கா! கவலையே படாதீங்க. புது வளை தயாரா இருக்கு. உங்களுக்குத்தான்!"

தானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். மண் எப்படித் தேர்ந்தெடுத்தது, மழைத்தண்ணீர் உள்ளே வராமல் சரிவு எப்படி வெட்டியது, சுவர் இடியாமல் இருக்க எங்கே வேரை விட்டுவைத்தது என்று எல்லாவற்றையும் விளக்கினான். பின்வாசலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறைக்கவில்லை. வளை என்றால் பின்வாசல் இருக்கும் என்பது அவனுக்கு மூச்சு விடுவது மாதிரி. அதைப் போய் யாராவது சொல்வார்களா?

"இஷ்டப்படி மாத்திக்கோங்க அக்கா!" என்று வழக்கமான வார்த்தையைச் சொல்லி முடித்தான்.

பூளையின் கண் கலங்கிவிட்டது.

"மாத்துறதா? நீங்க பாடுபட்டுத் தோண்டிக் கொடுத்ததுல நான் கை வைப்பேனா அண்ணே? அது மரியாதையா? நீங்க கொடுத்த மாதிரியே பத்திரமா வெச்சுக்குவேன்!"

குடைவானுக்குப் பெருமை தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே போனான்.

பூளை சொன்னபடி செய்தாள். குட்டிகள் சுவரைப் பிறாண்டினால் அதட்டினாள். "சும்மா இருங்க! அந்த அண்ணன் பார்த்தா என்ன நினைப்பாரு!" வளையின் கடைசியில் மண்ணாக முடிந்த இடத்தை அவள் சுவர் என்றே நினைத்தாள். அங்கே குட்டிகளுக்குப் புல் பரப்பிப் படுக்கை போட்டாள்.

ஓடைக்கு அக்கரையில் ஒரு நரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து மரத்தில் ஒரு காகம்.

"என்ன நரியாரே, அந்த மேட்டையே முறைச்சுப் பார்க்கிறீங்க?"

"சாப்பாடு தெரியுது!"

"அங்கேயா? ஒவ்வொரு வளையும் ஒவ்வொரு விதமா இருக்கும். நீங்க முன்னாடி போனா அவங்க பின்னாடி போயிடுவாங்க. போன தடவை கீரி வளையில மூக்கை விட்டுட்டு நீங்க அழுதது எனக்கு மறக்கலை!"

நரி மூக்கைத் தடவிக்கொண்டது.

"அது பழைய ஆளுங்க. அவங்க வளையை எல்லாம் அவங்கவங்க இஷ்டத்துக்கு மாத்தி வெச்சிருக்காங்க. எங்க எத்தனை வாசல்னு கண்டுபிடிக்க முடியாது. புதுசா வந்தவங்க அப்படியா? கொடுத்ததைக் கொடுத்தபடியே வெச்சிருப்பாங்க. முன்னாடி ஒரு வாசல், பின்னாடி அடைப்பு. ஒரு வளையைத் தெரிஞ்சுக்கிட்டா போதும். எல்லா வளையும் தெரிஞ்ச மாதிரி!"

"அடேயப்பா!" என்றது காகம்.

"தோண்டினவங்களே எனக்கு வசதி பண்ணிக் கொடுத்திருக்காங்க. நல்லா இருக்கட்டும்!"

ஒரு மத்தியான வேளை. வெயில் மண்டையைப் பிளந்தது. பாறையிலும் புதரிலும் ஆள் நடமாட்டம் இல்லை. நரி ஓடையைத் தாண்டி வந்து நேராகப் பூளையின் முன்வாசலில் உட்கார்ந்தது.

"தங்கச்சி! புதுசா குடி வந்திருக்கியாமே! எட்டிப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்!"

பூளைக்கு அந்த வாடை தெரியும். குட்டிகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"பார்த்தாச்சுல்ல? கிளம்புங்க அண்ணே!"

"வெளியே வந்து ஒரு வார்த்தை பேசக்கூடாதா?"

"குட்டிங்க தூங்குதுங்க. இன்னொரு நாள் வாங்க!"

"அப்படியா? நீ வராட்டி என்ன, நான் உள்ள வர்றேன்!"

நரி முன்காலால் வாசலைப் பறிக்க ஆரம்பித்தது. மண் பொலபொலவென்று சரிந்தது. வெட்டவெளியாக இருந்திருந்தால் பூளையை நரி பிடித்திருக்கவே முடியாது. ஓட்டத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் இங்கே எங்கே ஓடுவது? முன்னால் நரி, பின்னால் சுவர். குட்டிகள் அவள் வயிற்றுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு நடுங்கின. பூளை திரும்பி நின்று பின்னங்காலால் மண்ணை வாரி நரியின் கண்ணில் அடித்தாள். நரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பறித்தது.

நல்லவேளை, ஆட்காட்டி பார்த்துவிட்டாள்.

"நரி! நரி! முயலக்கா வாசல்ல நரி! எல்லாரும் செத்தா போயிட்டீங்க? எழுந்திரிங்க!"

மேடே அதிர்ந்தது. குடைவான் தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்து ஓடி வந்தான்.

"அக்கா! பின்வாசல் வழியா வாங்க! பின்வாசல்!"

உள்ளேயிருந்து பூளையின் குரல் மெல்லிசாகக் கேட்டது.

"எந்தப் பின்வாசல்?"

அதைக் கேட்டதும் குடைவான் மேட்டின் உச்சிக்கு ஓடினான். பின்வாசல் அடைப்பை அடையாளம் கண்டு, திரும்பி நின்று, ஒரே ஒரு உதை உதைத்தான்.

திறக்கவில்லை.

இன்னொரு உதை. இன்னும் ஒன்று. அடைப்பு அசையவில்லை. அவன் கால்தான் வீங்கியது. வெயிலில் காய்ந்து காய்ந்து அந்தக் குழைத்த மண் செங்கல்லாக இறுகிப் போயிருந்தது. குடைவானுக்கு இது தெரியவே தெரியாது. எப்படித் தெரியும்? அவன் அடைத்த அடைப்பு எதையும் நன்றாகக் காயும்வரை அவன் விட்டு வைத்துப் பார்த்ததில்லை.

அதற்குள் செவலை வந்து நரியின் வாலைக் கவ்வினான். நரி திரும்பி ஓர் அறை கொடுத்தது. செவலை உருண்டு போய் விழுந்தான். எழுந்து மறுபடியும் கவ்வினான்.

"ஊசியார் மாமா எங்கே? யாராவது எழுப்புங்க!" என்று உச்சியிலிருந்து குடைவான் கத்தினான்.

ஆட்காட்டி ஊசியாரின் காதருகில் போய்க் கத்தினாள். ஊசியார் ஒரு கண்ணைத் திறந்தார்.

"என்னம்மா, கூட்டமா?"

"கூட்டம் இல்லை! நரி! ஓடி வாங்க!"

மேலே குடைவான் பல்லால் மண்ணைக் கடித்தான். நகத்தால் பிறாண்டினான். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. "அக்கா! உள்ளேயிருந்து நீங்களும் பிறாண்டுங்க! அது சுவர் இல்லை! அதுதான் வழி!" என்று அழுகிற குரலில் கத்தினான். பூளை பறித்தாள். குட்டிகளும் பறித்தன. நேற்றுவரை அதட்டி நிறுத்திய அதே பிறாண்டலைத்தான் இப்போது அம்மாவே செய்யச் சொன்னாள்.

சின்னதாக ஓர் ஓட்டை விழுந்தது. வெளிச்சம் வந்தது. முதல் குட்டியைக் குடைவான் காதைப் பிடித்து இழுத்தான். இரண்டாவது குட்டியின் இடுப்பு சிக்கிக்கொண்டது. கீழே நரியின் தலை உள்ளே வந்துவிட்டது. பூளை குட்டியைத் தலையால் முட்டித் தள்ளினாள். குட்டி வெளியே வந்து விழுந்தது. பூளை உடம்பைச் சுருக்கிக்கொண்டு பின்னாலேயே பாய்ந்தாள். நரியின் வாயில் அவள் வால் முடி ஒரு கொத்து மட்டும் மிஞ்சியது.

அந்த நேரம் ஊசியார் வந்து சேர்ந்தார். பேசுவதற்குத்தான் அவருக்கு நேரம் பிடிக்கும். காரியத்துக்கு இல்லை. முதுகைத் திருப்பி, முட்களைச் சிலிர்த்து, நரியின் பின்பக்கமாக நாலு அடி வைத்தார். நரி போட்ட கூச்சல் ஓடைக்கு அக்கரையில் காகத்துக்கும் கேட்டிருக்கும். ஓடின வேகத்தில் அதுவும் அக்கரைக்குப் போய்விட்டது.

இரண்டாவது குட்டி அசையாமல் கிடந்தது. எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஆட்காட்டிகூட வாய் மூடிக்கொண்டாள். பூளை குட்டியின் மூக்கை நக்கினாள். மறுபடியும் நக்கினாள். குட்டி ஒரு தும்மல் தும்மியது. வாயிலிருந்து மண் வந்தது. அப்புறம் அம்மாவைத் தேடி ஊர்ந்தது.

சாயங்காலம் பாறைமேல் கூடினார்கள். குடைவான் நொண்டிக்கொண்டு வந்தான். முதலில் அவனுக்கு ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

"அடைச்சுத்தான் வெச்சேன். இல்லைன்னு சொல்லலை. ஆனா வேணும்னா மாத்திக்கலாம்னு சொன்னேனே! ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே வந்து திறந்து விட்டிருப்பேனே!"

பூளை கோபப்படவில்லை.

"அங்க ஒரு வாசல் இருக்குன்னே எனக்குத் தெரியாதே அண்ணே. தெரியாததை எப்படிக் கேட்பேன்?"



ஆட்காட்டி பாறை நடுவில் வந்து நின்றாள்.

"நான் ஒண்ணு கேக்கிறேன். வளையில இருக்காத எனக்கு இந்தக் கேள்வி கேக்க உரிமை இருக்கோ இல்லையோ, கேக்கிறேன். உங்கள்ல யாரு, தோண்டி வெச்ச வளையில கை வைக்காம அப்படியே குடியிருக்கீங்க?"

அவள் ஒவ்வொருவர் பக்கமாகத் திரும்பினாள்.

"செவலை, உன் வளைக்கு எத்தனை வாசல்?"

"மூணு..." என்று முனகினான் செவலை.

"மாமா, உங்களுக்கு?"

"என் உடம்புக்கு ஏத்த மாதிரி எல்லாத்தையும் அகலமாக்கிட்டேன்மா."

"குடைவான் அண்ணே, உங்க பின்வாசல்?"

குடைவான் தரையைப் பார்த்தான்.

"அடைச்ச முதல் நாளே உதைச்சுத் திறந்துட்டேன். மண்ணு ஈரமா இருந்தது."

"ஏன் திறந்தீங்க?"

"மூச்சு முட்டிச்சு."

சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டான். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. "நான் ஒரு மடையன்!" என்று வாய்விட்டே சொன்னான்.

"அப்போ இனிமே முயலக்காவே முடிவு பண்ணட்டும்!" என்றான் செவலை.

எல்லோரும் கை தட்டினார்கள். பூளை தலையை ஆட்டினாள்.

"வேண்டாம் தம்பி. இன்னைக்கு நான் புதுசு. நாளைக்கே எனக்கும் எல்லாம் பழகிடும். என் வளையை நானும் மாத்திக்குவேன். அப்புறம் புதுசா வர்றவங்க கஷ்டம் எனக்கும் மறந்துடும். இந்த அண்ணனும் ஒரு நாள் என்னை மாதிரி புதுசா இருந்தவர்தானே?"

இப்படி யாரும் யோசித்ததில்லை. ஊசியார் முட்களைக் கலகலவென்று ஆட்டினார். அன்றைக்கு அவர் தாத்தாவைப் பற்றிப் பேசாமல் நேராக விஷயத்துக்கு வந்தார். மேட்டில் அதுவே ஓர் அதிசயம்.

"அப்படின்னா ஒரு கட்டுப்பாடு வைப்போம். புது வளை எப்படி இருக்கணும்னு முடிவு சொல்ல ஆசைப்படுறவங்க, முதல்ல அந்த வளையில கை வைக்காம குடியிருந்து பார்க்கணும். நகம் படக்கூடாது, கால் படக்கூடாது. இருந்து பார்த்துட்டு வந்து பேசட்டும். புதுசா வந்தவங்ககிட்டயும் கேட்டுட்டுப் பேசட்டும்."

"நானே முதல்ல போறேன்!" என்றான் குடைவான்.

மறுநாளே பின்வாசல் அடைத்த ஒரு காலி வளைக்குக் குடிபோனான். இந்தக் காட்டிலேயே சிறந்த தோண்டுகாரன், தானே தோண்டிய வளையில், ஒரு நகத்தைக்கூட நீட்டாமல் படுத்துக் கிடந்தான். உள்ளே புழுக்கம். அதைப் பொறுத்துக்கொண்டான். பயத்தைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. முன்வாசலில் ஒரு சருகு அசைந்தாலும் நெஞ்சு படபடத்தது. யாராவது வந்தால் போக வேறு வழியில்லை என்ற நினைப்பு படுக்கவிடாமல் குத்தியது. 'இதையா வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகக் கொடுத்தோம்!' என்று உடம்பு கூசியது.

சீக்கிரமே வெளியே வந்துவிட்டான். காலி வளைகளின் பின்வாசல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனான்.

"பார்த்தியா! நான் சொன்னதுதான் சரி!" என்று செவலை குதித்தான்.

"குதிக்காதே! நீயும் போய் இருந்துட்டு வா!" என்றாள் ஆட்காட்டி.

செவலை திறந்த வளைக்குப் போனான். மறுநாள் வாயை நக்கிக்கொண்டு வந்தான்.

"அருமையான வளை! பின்வாசல் வழியா ஒரு சாரைப்பாம்பு வந்தது. சாப்பிட்டேன்!"

பூளை குட்டிகளைப் பார்த்தாள்.

"என் வளைக்கு வந்திருந்தா?"

செவலையின் முகம் சுருங்கிவிட்டது. அவன் பாம்பு தின்கிறவன். வருகிறவர்கள் எல்லோரும் அப்படியா? இந்தத் தடவை அவன் சண்டை போடவில்லை. "ஆமா அக்கா. நான் அதை நினைச்சுப் பார்க்கலை" என்றான்.

பிறகு ஆளுக்கு ஒன்று செய்து பார்த்தார்கள். கடைசியில் பின்வாசலின் வெளிப்பக்கம், பாம்புகூட நுழையாதபடி, முள்கிளையை நெருக்கமாகச் சாய்த்து வைத்தார்கள். உள்ளேயிருந்து முட்டினால் கிளை விலகியது. வெளியேயிருந்து வந்தால் முள் குத்தியது. ஊசியார் அதில் இருந்து பார்த்தார். பூளை இருந்து பார்த்தாள். முட்டித் திறக்கக் குட்டிகளுக்கே பலம் போதுமாக இருந்தது. ஒரு கோடை முழுக்கப் பேசியும் தீராத சண்டை, இருந்து பார்த்ததும் தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு யாராவது பாறைமேல் ஏறிச் சத்தமாகப் பேசினால் மற்றவர்கள் கேட்பது ஒன்றுதான்: "இருந்து பார்த்தாச்சா?"

மழை முடிந்ததும் ஒரு வயலெலிக் குடும்பம் வந்து சேர்ந்தது. அவர்கள் இருந்த வரப்பைத் தண்ணீர் அடித்துப் போயிருந்தது. நனைந்து, நடுங்கி, பேசக்கூடத் தெம்பில்லாமல் வந்தார்கள். ஒரு வளையில் கொண்டுபோய் விட்டார்கள். அப்படியே விழுந்து தூங்கிவிட்டார்கள். குடைவான் மண்ணைப் பற்றி விளக்க வாய் திறந்தான். ஆட்காட்டி முறைத்தாள். மூடிக்கொண்டான்.

நரி அன்று பகலிலேயே வந்தது. புது ஆட்கள் வளை எல்லாம் ஒரே மாதிரி என்ற நினைப்பு அதை விட்டுப் போகவில்லை. முன்வாசலில் உட்கார்ந்து இனிக்க இனிக்கக் கூப்பிட்டது. பதில் வராமல் போகவே பறிக்கத் தொடங்கியது.

ஆட்காட்டி கத்தினாள். குடைவான் எழுந்து ஓடினான். மூச்சிரைக்க, பழைய காயம் வலிக்க, நெஞ்சு அடித்துக்கொள்ள, மேட்டின் உச்சிக்கு ஓடினான். பூளை பட்ட பாடு கண்முன்னால் வந்து நின்றது. போய்ப் பார்த்தால், முள்கிளைக்கு அந்தப் பக்கம் புதர் நிழலில் எலிக் குடும்பம் மொத்தமும் உட்கார்ந்து புல்விதை கொறித்துக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு? எப்படி வந்தீங்க?" என்று குடைவான் திணறினான்.

"வாசல்ல யாரோ கூப்பிட்டாங்க. குரல் சரியாப் படலை. எதிர்ப்பக்கம் வெளிச்சம் தெரிஞ்சது. முட்டினோம், வந்துட்டோம்" என்றது அம்மா எலி. "ஏன் அண்ணே? ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லை அம்மா. நீங்க சாப்பிடுங்க!" என்றான் குடைவான். அங்கேயே உட்கார்ந்துவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவர்கள் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. எதிலிருந்து தப்பினோம் என்றே அவர்களுக்குத் தெரியாது. கீழே நரி இன்னும் காலி வளையைப் பறித்துக்கொண்டிருந்தது. ஊசியார் அதைக் கவனிக்கப் போய்க்கொண்டிருந்தார்.

மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர்கள் எப்படியும் மாற்றிக்கொள்வார்கள். ஆகவே முதலில் அமைத்துக் கொடுப்பதை, அதை மாற்றத் தெரியாமல் அப்படியே வாழப்போகிறவர்களின் இடத்தில் இருந்து பார்த்தவர்களே தீர்மானிக்க வேண்டும்.